மெய்யெழுத்து

லிம்பேயிலிருந்து சிச்சிரி ஆறு கிலோமீட்டர்.
மினிபஸ்ஸில், நடத்துநர் இரண்டு முறை சண்டை பிடித்தாலும்,
அரை மணி.
லிம்பேயில் எடுத்த எக்ஸ்ரே படம்
சிச்சிரி மருத்துவர் கண்ணில் படுவதற்கு
மொசாம்பிக்கைத் தாண்டி, கடலில் இறங்கி,
லண்டனில் ஒரு கட்டடத்தில் படி ஏறி இறங்கித்
திரும்பி வந்தது.
போக வரக் கட்டணம் டாலரில்.
உடைந்த எலும்பு
குவாச்சாவில் கூலி வாங்குகிறவனுடையது.

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.
பிளான்டயரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடி,
ஜூன் மாதக் குளிர், கால் ஆடும் மேசை.
ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் இழுத்துப் பிழைக்கும்
ஆறு கம்பெனிக்காரர்கள்.
ஒழுங்குமுறை ஆணையத்து வக்கீல்.
சோம்பாவிலிருந்து பஸ் ஏறி வந்த கணினி விரிவுரையாளர்.
மாங்கோச்சி மீன் கூட்டுறவிலிருந்து ஜீன் கபூலுகா.
விலைச் செய்தி பிற்பகலில் கரைக்கு வந்தால்
காலையில் விற்ற சாம்போ மீன் திரும்பாது
என்று சொல்ல மட்டுமே வந்தவள்.

யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை.
எனெலெஸ் குறிப்பெடுக்கிறாள்.

கேள்வி சின்னது.
ஒரு பெட்டி வாங்குவோம்,
அவரவர் கம்பியை அதில் செருகுவோம்,
ஊர்ப் பேச்சு ஊருக்குள்ளேயே திரும்பட்டும்.
பெட்டியை எங்கே வைப்பது?
"என் கட்டடத்தில்" என்றார் மசௌகோ,
ஆறு பேரில் பெரிய கம்பெனிக்காரர்.
மற்ற ஐந்து பேரும் உடனே தேநீரை எடுத்து
நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள்.

கை தூக்க வேண்டாம், என்றார் விரிவுரையாளர்.
தூக்கினால் யார் கை என்று தெரியும்.
தெரிந்தால் நாளைக்கே விலை ஏறும்.
எண்ணினாலோ ஆறு பேர் நாலு பேரை
விழுங்கிவிட்டுப் போய்விடுவோம்.
வாயை மூடிக்கொண்டு முனகுங்கள், போதும்.
மசௌகோ கட்டடம்?

எங்கோ ஒரு குளிர்பெட்டி ஓடியது. அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தின் காலி அறை?

ம்.

கதை கேட்கிறவன் கொட்டும் உம் அல்ல இது.
அது, நான் தூங்கவில்லை என்பதற்கு.
இது மேசையின் ஆடும் காலில் இறங்கி
தரை வழியாக நாட்காட்டியைத் தொட்டது.
உதட்டைத் திறக்காமலே நீட்ட முடிகிற
ஒரே மெய்யெழுத்து.
தலையில் ஒரு புள்ளி;
வைத்தது யாரென்று கேட்பாரில்லை.

எனெலெஸின் பேனா நின்றுவிட்டது.
எத்தனை பேர் என்று எழுத?
யார் பெயரைப் போட?

மாற்றுக் கருத்து?
ஒரே ஒரு முனகல், மெல்லிசாக,
ஓரத்து நாற்காலியிலிருந்து.
வேறு சபையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு
வீட்டுக்குப் போயிருப்பார்கள்.
இங்கே எல்லா நாற்காலிகளும் கிறீச்சிட்டுத் திரும்பின.
லிம்பே மருத்துவமனை ஃபைனஸ் எழுந்தாள்.
"அந்த அறையில் ஜெனரேட்டர் ஆறு மணிக்கு நின்றுவிடும்.
எலும்பு இரவில்தான் அதிகம் உடைகிறது."

நாற்பது நிமிடம் சண்டை.
மசௌகோ பேட்டரி தருவதாகச் சொன்னார்.
கோபத்தில்தான் சொன்னார்.
மனம் மாறுவதற்குள் எனெலெஸ் எழுதிவிட்டாள்.

மறுபடியும் ம்.
இந்த முறை ஓரத்து நாற்காலியும்.

அக்டோபரில் பெட்டியில் பச்சை விளக்கு.
ஒரு மணிக்கட்டு எலும்பு
இமை மூடித் திறப்பதற்குள்
ஆறு கிலோமீட்டரைக் கடந்தது.
லண்டனில் யாரும் கவனிக்கவில்லை.
மாங்கோச்சிக்கு இன்னும் கம்பி போகவில்லை.
ஜீன் கபூலுகா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து
மீன் விலையை முதலிலிருந்து சொல்கிறாள்.
எனெலெஸும் முதலிலிருந்து எழுதுகிறாள்.

அந்த முதல் குறிப்பு கோப்பில் இருக்கிறது:
பெட்டி வைக்குமிடம்: இசைவு. எண்ணவில்லை.
பேட்டரி: திரு. மசௌகோ.
தேநீர், மண்டாசிச் செலவு யாருடையது:
இசைவு இல்லை. அடுத்த கூட்டத்துக்கு.