இருநூற்றுப் பதினான்கு

நடவடிக்கை அறையின் வாடகை
நாளையோடு முடிகிறது.
வெற்றி நிச்சயமென்று சொல்லிவைத்த எழுபது பொட்டலம் பீஹூன்
மேசையில் வியர்த்துக்கொண்டிருக்கிறது.
வந்தவர்கள் பதினெட்டுப் பேர்.

இருநூற்றுப் பதினான்கு ஓட்டு.
வெள்ளைப் பலகையில் எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தார் சற்குணன்,
கணக்கு வாத்தியார் விடைக்கு இழுப்பதுபோல.

இது விடையில்லையே.
யார் அந்த இருநூற்றுப் பதினான்கு?

சிங்கப்பூரிலிருந்து வராத பிள்ளைகள் என்றார் ஒருவர்.
வந்தும் பாலத்தில் மாட்டிக்கொண்டு
ஆறு மணிக்கு மேல் இறங்கியவர்கள் என்றார் இன்னொருவர்.
மூன்றாவதாக நின்றவன் தின்றது ஆயிரத்து நூறு.
செல்லாத ஓட்டு முந்நூற்றுச் சொச்சம்,
ஒரு பெருக்கல் குறி போடத் தெரியாத ஜனம்.
"தீபாவளிக்கு அரிசி கொடுத்தோம், எண்ணெய் கொடுத்தோம்,
வாயத் தொடச்சிக்கிட்டு அங்க போட்டுட்டு வந்துட்டான்!"
இதைச் சொன்ன ஏகாம்பரம்
அந்த அரிசியை ஏற்றி இறக்கியவர்.
முதுகு இன்னும் வலிக்கிறதாம்.

கூட்டணிக் கட்சிக்காரர் ஸ்பீக்கரில் வந்தார்.
எங்க ஓட்டு வந்திருச்சு, உங்க ஓட்டுதான் வரலை என்றார்.
பொருளாளர் போனைக் கவிழ்த்து வைத்தார்.
அங்கேயும் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும்.

எல்லோருடைய இடது சுட்டுவிரலிலும்
மை அப்படியே இருக்கிறது.
சுட்டுவது என்னவோ வலது கையால்.

நான் வேன் ஓட்டினேன்.
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன், டீசல் என் காசு.
காலை ஏழரையிலிருந்து அறுபத்து மூன்று பேர்.

அதில் ஒருத்தி தனபாக்கியம்.
வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்பவள்.
பதினான்காம் மாடி. லிஃப்ட் செத்து எட்டு மாதம்.
சுவரைப் பிடித்து இறங்கி வந்து
முன்சீட்டில் உட்கார்ந்து
மூச்சு திரும்பும்வரை பேசவில்லை.
ஜெலுத்தோங் சாலையில் சிக்னல் சிவப்பில் சொன்னாள்:
"இந்தத் தடவ ஒங்க ஆளுக்கு இல்லம்மா.
மனசுல வச்சிக்கிட்டு ஒன் வண்டியில வரக்கூடாது.
வேணும்னா இங்கயே எறக்கி விட்டுடு."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
கியர் போட்டேன்.
மழை தூறியது. பள்ளி வாசல்வரை
குடை பிடித்தேன். எங்கள் கட்சிக் குடை.

திரும்பக் கொண்டுவந்து
அவளோடு மாடியும் ஏறினேன்.
மூன்று மாடிக்கு ஒருதரம் படியில் உட்கார்ந்தோம்.
ஒன்பதாவதில் கேட்டேன்,
அந்தப் பையன் லிஃப்ட்டைச் சரி பண்ணுவானா அக்கா?
"எங்க பண்ணப்போறான்.
ஒரே ஆளத் திட்டித் திட்டிச் சலிச்சிப்போச்சு."
சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

அந்த லிஃப்ட்டுக்கு மார்ச் மாதம்
சேவை மையத்தில் புகார் கொடுத்தவள் நான்.
'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்தினார்கள்.
அழகான முத்திரை, ஊதா மை.
குத்தியது சற்குணன்தான்.

இப்போது அவர் என் பக்கம் திரும்புகிறார்.
வேன் வேலை எப்படிம்மா?
அறுபத்து மூணு பேர், தலைவரே.
"பாருங்கய்யா, இவங்கள மாதிரி பத்துப் பேர் இருந்திருந்தா..."
பச்சை மார்க்கரை எடுத்து
நம் ஓட்டு என்ற தலைப்பின் கீழ்
63 என்று எழுதுகிறார்.

ஒருத்தி சொல்லிவிட்டாள்.
சொல்லாத அறுபத்திரண்டு பேரை
நினைத்துப் பார்க்கிறேன்:
கண்ணாடியில் தெரிந்த நெற்றிகள்,
மடியில் அடையாள அட்டை,
ஒருவர் வழியெல்லாம் கொட்டாவி விட்டார்.
எத்தனை பேருக்கு நான் கதவு திறந்துவிட்டேனோ.

வாய் திறக்கவில்லை.
பலகையிலும் இடமில்லை.

கலையும்போது
ஆளுக்கு நாலு பொட்டலம் திணித்தார்கள்.
அவளுக்கு ஒன்று கொடுக்கலாம்.
பதினான்கு மாடி.
அதுவும் பீஹூனில் உப்பு கூடுதல்,
அவளுக்கு ஆகாது.

வேனை ஓட விட்டபடி
கீழே நிற்கிறேன்.