தாய்ப்பத்திரம்

இறால் பண்ணைக்காரர்கள் கேட்பது
ஒன்றே முக்கால் ஏக்கர் உவர்மண்.
கொடுப்பதில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை.
முன்பணத்தில் பாதி
மகனுடைய விசாவுக்குப் போய்விட்டது.
தாய்ப்பத்திரம் கேட்டார் பத்திர எழுத்தர்.
"வில்லங்கம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க பாய்."

பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரம்,
ஏழு தடவை பஸ்.
பதிவு ஆபீசில் வாப்பா கிடைத்தார்,
கையெழுத்தின் வால் அடுத்த வரியில் இடிக்க.
அவருக்கு மேலே அவர் வாப்பா.
இன்னார் குமாரர் இன்னார்,
அவர் இன்னார் குமாரர் என்று
ஆண்கள் மட்டுமே ஆண்களைப் பெற்றிருந்தார்கள்
நெய்னா முகம்மது வரைக்கும்.
அவர் காதர் மீரா மரைக்காயர் குமாரர்.
மூன்று தோணி வைத்துக்
கொழும்புக்குச் சங்கு ஏற்றிய மரைக்காயர்;
எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில்
இன்றும் அச்சாகிறவர்.

அதற்கு மேலே என்றால் மதுரை என்றார்கள்.

மதுரையில் ஓர் ஒத்திப் பத்திரம்,
விய வருஷம் ஆனி மாதம்.
மாவடை மரவடை நிதி நிட்சேபம்
எல்லாம் சேர்த்து எழுதியிருந்தது,
உப்பைத் தவிர ஒன்றும் விளையாத மண்ணுக்கு.
தெற்கே சமுத்திரம்.
கிழக்கே பள்ளிவாசல் மானியம்.
மேற்கே ஓடை.
வடக்கே சுலைகா நாச்சி பனை.

யாருக்கு மகள், யாருக்குப் பெண்சாதி,
எழுதவில்லை.
எங்கள் நிலம் எங்கே முடிகிறது
என்று காட்டுவதற்காக மட்டும்
அங்கே ஒருத்தி நிற்கிறாள்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு
இன்னும் ஐந்து வருஷம் பின்னால் போனேன்.
விஷு வருஷம், பரமக்குடி முன்சீப் கோர்ட்டு.
வாதி: காதர் மீரா மரைக்காயர்.
முதல் பிரதிவாதி: சுலைகா நாச்சி,
வாதியின் தம்பி, கடலில் மௌத்தான செய்யது அசனுக்குப்
பெண்சாதியென்று சொல்லிக்கொள்ளுகிறவள்.
இரண்டாம் பிரதிவாதி:
மைனர் நெய்னா முகம்மது. வயது நாலு.

மறுபடியும் வாசித்தேன்.
வயது நாலு.

கடுத்தம் எங்கே?
அவர் பெட்டியில். பெட்டி தோணியில்.
மஹர் என்ன?
பதினோரு பனை.
எந்தப் பனை?
கிணற்றுப் பாதையில் ரெண்டு.
ஓடைக்கரையில் சாய்ந்தது ஒன்று, சாய்ந்தாலும் காய்க்கும்.
இடி விழுந்து மொட்டையாய் நிற்பது ஒன்று,
அதையும் சேர்த்துத்தான் எண்ணிக் கொடுத்தார்…
ஒன்றரைப் பக்கம் பனைகளே.

முன்சீப் எழுதுகிறார்:
நிக்காஹ் ருசுவாகவில்லை.
பனைகளைப் பற்றி இவள் சொல்வதை நம்பலாம்.
ஆயுள்பரியந்தம் அனுபவித்துக்கொள்ளவும்.

நிலம் பெரியவருக்குப் போயிற்று.
நிலத்தோடு பையனும்.
பிள்ளையில்லாத வீடு.
தத்து என்று ஒன்று இல்லாத மார்க்கத்தில்
குமாரர் என்று நாலெழுத்து போதுமாயிருந்தது.
அடுத்த பத்திரத்திலிருந்து அப்படியே வருகிறது,
என் வரைக்கும்.
வடக்கே, பனைக்கடியில் நின்று பார்த்திருப்பாள்
அவன் தோணியேறப் போவதை.
கூப்பிட்டாளா என்பதற்கு ரிக்கார்டு இல்லை.

வாக்குமூலத்தின் அடியில் ஒரு கிறுக்கல்.
பக்கத்தில் குமாஸ்தா எழுதியிருக்கிறார்: தற்குறி.
தாளைக் கிழியாமல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
மதரஸாவில் அடிவாங்கிப் படித்த எழுத்து அது.
அரபி எழுத்தில் நம் தமிழ்.
வலமிருந்து இடமாக
சுலைகா.
ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.

நேற்று நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.
வேலிக்கருவைக்குள் நாலு பனை.
ஐந்தாவது போல் ஒரு மொட்டை;
அது அதுவாக இருக்காது.

வம்சாவளிப் படிவத்தை நீட்டுகிறார் பத்திர எழுத்தர்.
நெய்னா முகம்மதுக்கு நேரே
தகப்பனார் என்று ஒரு கட்டம்.
தாயாருக்குக் கட்டம் போடவில்லை.
"என்ன பாய், பேர் மறந்துபோச்சா?"

கட்டத்தை விட்டுவிட்டு
தாளின் மேல்விளிம்பில், வடக்கே,
வலமிருந்து தொடங்கி எழுதினேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
மைப்பெட்டியை
என் பெருவிரல் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.