வேன் எண் ஒன்று

இரண்டாவது வேன் கிடையாது.
ஆனாலும் கதவில் ஒன்று என்று எழுதினாள் டார்லா.
பெரிய படை போலத் தெரியட்டுமாம்.
முன்பு அது ஒரு தேவாலயத்தின் வண்டி.
சுரண்டியும் போகாமல்
'வருக' மட்டும் மிச்சமிருக்கிறது.

போன நவம்பரில் பள்ளி ஜிம்மில் கூட்டம்.
ரெஜைனாவிலிருந்து வந்தவர்
திரையில் வட்டங்கள் காட்டினார்.
வறுமை ஒரு வட்டம். விடுதிப் பள்ளிகள் ஒரு வட்டம்.
நடுவில், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்த
கறுப்பான இடத்தில், எங்கள் பிள்ளைகள்.
பின்வரிசையிலிருந்து ஷெய்லீன்,
பதினேழு வயது, கை தூக்காமலே கேட்டாள்:
"ராத்திரி ரெண்டு மணிக்கு டவுன்ல மாட்டிக்கிட்டா
ரிசர்வுக்கு வர நான் யாரைக் கூப்பிடறது?
அவங்க எடுப்பாங்க. மொத ரிங்லயே.
நீங்க யாராவது எடுப்பீங்களா?"

ஹீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி வந்ததுதான் வேன்.
எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்.

சார்ஜெண்ட் பெல்கார்டை எனக்குப் பிடிக்காது.
அவரும் க்ரீதான், வேறு ரிசர்வ்.
அவர் நிலையச் சுவரில் பையன்களின் படங்கள்,
படத்துக்குப் படம் சிவப்பு நூல்.
என் கோல்பியும் இருந்தான்.
நான் எடுத்த படம் அது, அவன் பிறந்தநாளுக்கு.
கேக்கை வெட்டி எறிந்துவிட்டு
முகத்தை மட்டும் ஒட்டியிருந்தார்கள்.
ஊசியைப் பிடுங்கினேன்.
படத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.
அவர் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.
மறுவாரம் சுவர் காலி என்றாள் டார்லா.
டிராயருக்குள் போயிருக்கும். போகட்டும்,
டிராயர் சுவரைவிடச் சின்னது.

இப்போது எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு.
வேன் நிற்கும் இடத்துக்கு அவர் கார் வராது;
தானியக் கிடங்குக்குப் பின்னால்
விளக்கை அணைத்துக் காத்திருக்கும்.
ஏறுகிறவனிடம் நான் எதுவும் கேட்பதில்லை.
அவரும் என்னிடம் கேட்பதில்லை.
துப்பாக்கி இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும்.
ஒருமுறை சொன்னேன்.
பிறகு மூன்று வாரம்
போன் செத்துக் கிடந்தது.

நேற்று வெள்ளி. மைனஸ் நாற்பத்தொன்று.
இரண்டு பத்துக்கு அடித்தது.
'ஹலோ'விலேயே தெரிந்துவிட்டது, ட்ரெவின்.
கோல்பிக்கு முதல் ஜாக்கெட் வாங்கித் தந்தவன்.
முதலில் பீட்சா, அப்புறம் ஜாக்கெட்,
அப்புறம் ஒரு பொட்டலம்,
அப்புறம் தீராத ஒரு கடன்.
கோல்பிக்குச் சிறையில் இன்னும் பத்தொன்பது மாதம்.

"யாரு பேசறது?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"சரி... வெச்சிடறேன்."
"எங்க இருக்க?"

கிளம்பினேன். பாதி வழியில் வண்டியைத் திருப்பினேன்.
பாலம் வரைக்கும் வந்து
மறுபடி திருப்பினேன்.

கார் வாஷ் சுவரோரம் நின்றிருந்தான்,
ஒரு காலில் ஷூ, ஒரு காலில் பிளாஸ்டிக் பை.
விலகுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.
அதற்கான பதில் முகமெங்கும் வீங்கியிருந்தது.
முன்சீட்டில் ஏறவில்லை. மூன்றாம் வரிசைக்குப் போனான்.
காபி நீட்டவில்லை நான்.
பிளாஸ்க் எங்கே இருக்கிறதென்று சொன்னேன்.

முப்பத்தெட்டு கிலோமீட்டர், அவன் சித்தி வீட்டுக்கு.
பின்னால் தூரத்தில் விளக்கில்லாத ஒரு கார்,
நிலா வெளிச்சத்தில், எங்கள் வேகத்திலேயே.
ட்ரெவின் அதைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன்.

இறங்கியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
"கதவை நல்லா இழுத்துச் சாத்து,
லேசுல பிடிக்காது" என்றேன்.
மூன்று தடவை இழுத்தான்.

விடிகாலை கணக்குப் புத்தகம்.
பயணி: ஒருவர்.
பெயர் கட்டத்தை விட்டுவிட்டேன்.
ஒன்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது.
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
பனிமூட்டம் என்று எழுதினேன்.

ராத்திரி முழுக்க வானம் தெளிவாகத்தான் இருந்தது.