இடது காது

வருகிற எல்லோரிடமும் முதலில் இரத்த வகை கேட்போம்.
அது விதி.
ஓ நெகட்டிவ் என்றாள் கெர்லிண்டே,
மாங்குளம் முகாமின் தகரக் கொட்டிலில்
மார்புக்கவசத்தின் வார் இறுக்கத் தெரியாமல் நின்றபடி.
நான் இறுக்கிவிட்டேன். வயது அறுபத்திரண்டு.
தாளில் தொழில் என்ற இடத்தில்
இரண்டு சொல், நடுவே ஒரு கோடு.
"வாத்தியக்காரி, எழுத்துக்காரி" என்றான் நிமலன்,
வவுனியாவிலிருந்து நாட்கூலிக்கு வந்த மொழிபெயர்ப்பாளன்.
"கோடு என்னத்துக்கு?"
அதை அவன் கேட்கவில்லை.

ஐம்பது மீற்றர் தள்ளி அவளை இருத்திவிட்டு
என் பாதையில் குந்தினேன்.
ஒரு மீற்றர் அகலம். காலையிலிருந்து நகர்ந்தது
ஒரு பாய் விரிக்கிற அளவு.
கருவி கத்தியது. சிவப்புத் தடி நட்டுச் சுரண்டினேன்.
மீன் ரின் மூடி.
திரும்பக் கத்தியது. ஆணி. திரும்பவும் ஆணி.
யாரோ வீட்டுக் கூரை இங்கே உக்கிப்போயிருக்கிறது.

தேநீர் நேரம் தன் கதை சொன்னாள்,
நிமலன் வாயால், அரைவாசி விட்டுப்போய்.
டோர்ட்முண்ட். நிலக்கரி ஊர். தகப்பனுக்குச் சுரங்கம்.
ஒன்பது வயதில் தேவாலய ஓர்கன்; கால் எட்டாததால்
சப்பாத்துக்கு அடியில் கட்டை கட்டினார்களாம்.
பிறகு நாலு பெண்கள் சேர்ந்த குழு, மின்சாரக் கிற்றார்,
ஒரேயொரு பாட்டு நாடு முழுக்க ஓடியது.
அந்தப் பாட்டை இப்போது எங்காவது போட்டால்
சாமானை வைத்துவிட்டுக் கடையால் வெளியேறிவிடுவாளாம்.
முப்பத்தெட்டில் இடது காது போனது.
மேடையில் ஒலிபெருக்கி எப்போதும் அவளுக்கு இடப்பக்கம்.
அதன்பிறகுதான் எழுத்து.
காதைப் பற்றிய முதல் புத்தகம் விற்றது.
இரண்டாவதைக் கையாலேயே காட்டினாள்:
நிலவறையில், தலைக்கு மேல், இவ்வளவு அடுக்கு.

படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்தை அடிக்கடி மூடுவார்களாம்.
குழாய் போடக் கிண்டினால் குண்டு.
சண்டை முடிந்து பதினைந்து வருசம், அப்பவும்.
"இப்பவும்" என்றாள்.
நிமலன் இரண்டுதரம் கேட்டு உறுதிப்படுத்தினான்.
செல்வமதி கோப்பையை வைத்துவிட்டு விரல் மடக்கி எண்ணினாள்.
"அப்ப எனக்கும் வேலை இருக்கு,
என்ர மகளின்ர மகளுக்கும்."
சிரித்தோம். அதை மொழிபெயர்க்கவில்லை.

பின்னேரம் கருவியின் ஒலியைப் பதியக் கேட்டாள்.
சோதனை ஆணிக்கு மேல் பிடித்துக் காட்டினேன்.
வலது காதைச் சாய்த்து, கண் மூடி,
இது இன்ன சுரம் என்றாள். ஒரு எழுத்து.
அழகாக இருக்கிறதாம்.
முகக்கவசத்தைத் தூக்கி வியர்வை துடைத்தேன்.
அந்த எழுத்து நினைவில்லை.

புத்தகம் ஒன்றரை வருடம் கழித்து வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யோகமலர், ஒரு எழுத்துக் குறைவாக.
மற்றதெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி.
அந்தக் காணியை ஒப்படைத்தாயிற்று; அதில் இப்போது கச்சான்.
நானும் வேலை முடிந்து
ஏ-ஒன்பது வீதியோரம் வறுத்து விற்கிறேன்.

போன கிழமை நிமலன் பஸ்ஸால் இறங்கிக் கைபேசியை நீட்டினான்.
பெரிய மண்டபம். கறுப்புச் சட்டையில் அவள்,
ஓர்கன் முன்னால். கால் நன்றாக எட்டுகிறது.
நெடுநேரம் மெல்ல ஏதோ போனது,
பிறகு அது.
அதே கத்தல்.

சுளகோடு சட்டிப் பக்கம் போன என் வலக்கால்
அந்தரத்தில் நின்றது.
மணல் புகைந்தது. அவர்கள்
எழுந்து நின்று கைதட்டி முடியும்வரை
காலை நிலத்தில் வைக்கவில்லை நான்.

"ஏதும் எழுதிவிடட்டோ?" என்றான்.
கச்சான் கருகிட்டுது எண்டு எழுது.