ஏழு எழுத்து, ஐந்து எழுத்து

பொயேதியின் வாளியில்
கால் பங்குதான் கறுப்புச் சாயம்.
நூமேயா. நிக்கல் உலையின் பின்சுவர். இரவு இரண்டு மணி.
காவல்காரனின் நாய் தூங்குகிறது,
அல்லது தூங்குவதுபோல் கிடக்கிறது.
எழுத வேண்டியது ஒரே ஒரு சொல்.

பகலில் மேஸ்திரி
துப்பிவிட்டுத்தான் அதைச் சொல்வான்.
பள்ளியில் கன்னியாஸ்திரி
காதைத் திருகிச் சொன்னாள்.
பேருந்தில் யாரும் சொல்வதில்லை.
பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.

இந்தத் தீவில் முளைத்த சொல் அல்ல அது.
கடலின் மறுகோடியில், ஹவாயில்,
கனாகா என்றால் மனிதன்.
அவ்வளவுதான்.
மீன் கடன் கேட்டு வருகிறவன், பல்வலிக்காரன்,
அக்காவின் கணவன்.

திமிங்கில வேட்டைக் கப்பல்கள்
எண்ணெய்ப் பீப்பாய்களோடு அதையும் ஏற்றிக்கொண்டன.
சந்தனக்கட்டை வியாபாரிகள் கைமாற்றினார்கள்.
துறைமுகம் துறைமுகமாக
உப்புக்காற்றில் மனிதன் உரிந்து உரிந்து
இங்கே இறங்கும்போது
தோலின் நிறம் மட்டும் மிச்சம்.

இங்கே பள்ளத்தாக்குக்கு ஒரு பாஷை.
மலைக்கு இந்தப் பக்கம் கமோ,
அந்தப் பக்கம் அபோரோ.
இரண்டுக்கும் பொருள் அதே மனிதன்.
மொத்தத் தீவுக்கும் சேர்த்து ஒரு பெயர்
தேவைப்பட்டதில்லை.
வசைதான் முதலில்
எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

எனக்குக் கூலி ஞாபகம் வருகிறது.
உழைத்த கையில் எண்ணி வைக்கும் காசு.
அதுவும் கப்பலேறி, ஆளாகி,
ஏச்சாகித் திரும்பியது என்பார்கள்.
பொயேதிக்கு அது தெரியாது. விடுங்கள்.

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஏழு எழுத்து.
கடைசி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒலி.
சாயம் போதாது.
"வாலை நறுக்கு" என்கிறாள்
ஏணியைப் பிடித்திருக்கும் கலோயி.
"முதல் எழுத்தும் வளைந்து கும்பிடுகிறது.
ஒரு காலை முன்னால் வைத்து நிற்கிற எழுத்தைப் போடு.
கடைசியிலும் அதையே போடு."

ஐந்து எழுத்து.
இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் அதே சொல்,
போன கப்பல்
போன வழியே திரும்புகிற மாதிரி.
வேறு சுவர்களில் வேறு யாரோ
இதையே எழுதிக்கொண்டிருக்கலாம் இந்நேரம்.
தமிழில் இரண்டையும்
கனாக் என்றுதான் எழுத முடிகிறது என்னால்.
வித்தியாசம் சொல்கிற வாயில்.

காலையில் மேஸ்திரி சுவரைப் பார்த்தான்.
"எழுத்துக்கூட ஒழுங்காகத் தெரியவில்லை" என்றான்.
துப்பினானா, ஞாபகமில்லை.
சுண்ணாம்பு எடுத்துவரச் சொன்னான்,
நகக்கண்ணெல்லாம் கறுப்பாயிருந்த
பொயேதியிடம்.
நாய் வந்து
அவன் விரல்களை முகர்ந்துவிட்டுப் போனது.