மூன்று கட்சிக்கும் ஒரே தொண்டை

திங்கள் ஏணிக்கு.
செவ்வாய், புதன் மண்வெட்டிக்கு.
மிச்ச நாள் பூட்டுச் சின்னத்துச் சுயேச்சைக் குழுவுக்கு;
அவர்கள் பாதிக் காசுதான் தந்தார்கள்,
மீதிக்கு ஒரு மூடை கோதுமை மா.
ஆட்டோ ஒன்று, குழாய் இரண்டு,
தொண்டை என்னுடையது.

'அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே' என்று
பொகவந்தலாவைச் சந்தியில் தொடங்குவேன்.
கீழ்ப்பிரிவு இறக்கத்தில் முதல் பள்ளம் வந்ததும்
'பெரு' ஒரு பக்கம், 'மக்களே' ஒரு பக்கம் விழும்.
காப்பட் ரோடு என்று சொல்லி முடிப்பதற்குள்
நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

மூன்று கிலோமீட்டர். அப்பன் பெயர் தெரியாத ரோடு.
சபையில் கேட்டால், அது தோட்டத்து ரோடு.
தோட்டத்தில் கேட்டால்,
சபைக்கு எழுதிக் கொடுத்தாச்சே.
கச்சேரியில் கேட்டால், கடிதம் வரும்.

கடிதம் வரத்தான் செய்கிறது.
நூற்றிருபது வீட்டுக்கும் ஒரே விலாசம்,
ஆபீஸ் ஜன்னலில் ஒரே கட்டு.
பேங்க் கடிதமும் பரீட்சைக் கடிதமும்
அதிலே கிடந்து நனையும்.
வாக்காளர் அட்டை மட்டும்
லயத்துக்கே வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு,
கையில் ஏறும்.

ஏணிக் கூட்டத்தில் சிவபாக்கியத்தை ஏற்றினார்கள்.
பெண் பங்கு நிரம்பவில்லை என்று
காலையில்தான் மலையிலிருந்து கூட்டி வந்தது;
கொழுந்துக் கறை விரலில் காயவில்லை.
மேடையில் கதிரை கிடைத்தது. மைக் கிடைக்கவில்லை.
இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்:
'அண்ணே, ஒங்க குழாயில
ரெண்டு வார்த்தை பேசிக்கவா?'
எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் பேசலாம்,
வாடகை அப்படி, என்றேன்.
சரி என்று போனாள்.
அந்தச் சரி இன்னும் என் சீட்டுக்கடியில் கிடக்கிறது.

பிரசாரம் முடிந்த இரவு குழாயைக் கழற்றினேன்.
மறுநாள் வண்டிக்கு எடை இல்லை.
மதகடியில் பொடிசுகள் என்னைப் போலவே
மூக்கால் பேசி விளையாடின:
'உங்கள் பொன்னான புள்ளடியை...'
ஒருத்தன் பள்ளம் வந்த மாதிரி குலுங்கியும் காட்டினான்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

சின்னி விரலில் மை வைத்துக்கொண்டேன்.
எதற்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்;
மூன்று பேரும் இன்னும் பாக்கி தர வேண்டும்.

வாக்கெண்ணிப் பட்டாசு வெடித்து
இரண்டு மழைக்காலம் போயிற்று.
வென்றவரின் வேன் டவுனோடு திரும்பிவிடும்.
தோற்றவர் கொழும்பில் கடை போட்டிருக்கிறார்.
தினமும் இந்த வழியால் போவது
நான் ஒருத்தன்தான்.
ஆகவே என்னை மறிக்கிறார்கள்.
'நீதானே சொன்ன, தைப்பொங்கலுக்குள்ள ரோடுன்னு?
ஒன் குரல் எங்களுக்குத் தெரியாதா?'
பின்சீட்டில் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்து
மாரியாயி ஒன்றும் பேசவில்லை.
பள்ளத்துக்குப் பள்ளம்
பிள்ளையின் தலையை மட்டும் கையால் பிடித்துக்கொண்டாள்.

நான் எந்தச் சீட்டிலும் கேட்டவனில்லை, ஐயா.
ஆனாலும் சொன்னது என் வாய்.

ஞாயிற்றுக்கிழமை நாலு சாக்கு ஆற்றுக்கல் ஏற்றினேன்.
மதகுக்குப் பக்கத்துப் பள்ளம், பெரியது,
அதில் இரண்டு சாக்கைக் கொட்டியிருப்பேன்.
எங்கிருந்தோ வாச்சர் ஓடி வந்தார்.
'யாரைக் கேட்டு ரோட்டுல கை வச்ச?'

இருபது வருஷத்தில் முதல் தடவை
இந்த ரோட்டுக்கு ஒரு சொந்தக்காரர்.
சந்தோஷத்தில் எனக்குக் கோபமே வரவில்லை.
'ஒரு துண்டுல எழுதிக் குடுங்க' என்றேன்,
'இது தோட்டத்து ரோடுன்னு.
கீழ ஒரு கையெழுத்து.'

வாச்சர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார்.
உள்ளே பதில் எதுவும் இல்லை போல.
தொரைக்கு போன் பண்ணினார், சிக்னல் இல்லை.
மேட்டுக்கு ஏறினார், அங்கேயும் இல்லை.

அதற்குள் லயத்துப் பக்கமிருந்து
சிவபாக்கியம் வந்துகொண்டிருந்தாள்,
தோளில் மம்பட்டி.
வாய்க்கு வந்ததையெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டு.