பத்து வரை எண்ணுதல்

ஐந்து நாள் பயிற்சி.
'அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்' என்று
சுற்றறிக்கையில் வட்ட முத்திரை.
கோவையிலிருந்து எஸ்தர் நளினா நடத்தினார்.
நான் சோமனூரில்
இரண்டு பித்தளைப் படிகளின் மேல் செல்போனைச் சாய்த்துவிட்டு
சட்டைக்கு மட்டும் இஸ்திரி போட்டு உட்கார்ந்தேன்.
கீழே லுங்கி. பத்தொன்பது வருட சர்வீஸ்.

தறிகள் நின்று நாற்பது நாள்.
சத்தமில்லாத தெருவில் தூக்கம் பிடிக்கவில்லை.

முதல் நாள், தாவரவியல் பத்திரசாமி சார்
வீட்டு ஃபேனை மட்டும் காட்டிக்கொண்டு
"தெரியறனுங்களா? தெரியறனுங்களா?" என்றார்.
மூன்று இறக்கை தெரிகிறது என்றார் யாரோ.

மறுநாள் சிறு அறைகளாகப் பிரித்துவிட்டார்கள்.
நானும் அவரும் ஓர் அறை.
கொடுத்த தலைப்பை விட்டுவிட்டு
அவர் தம்பிக்கு ஈ.எஸ்.ஐ.யில் படுக்கை கிடைத்ததைப் பேசினோம்.
"நேத்து ராத்திரி மூச்சு" என்றார்,
நேரம் முடிந்து இருவரையும் வெளியே இழுத்துவிட்டது.

மூன்றாம் நாள் நான் குறித்துக்கொண்டது ஒரே வரி:
கேள்வி கேட்டபின் பத்து வரை எண்ணுங்கள்.
வகுப்பில் நான் மூன்றுகூட எண்ணியதில்லை.
கேட்பேன், திரும்புவேன்,
பதிலைக் கரும்பலகையில் நானே எழுதுவேன்.

அடுத்த திங்கள், இரண்டாமாண்டு இயற்பியல்.
அறுபத்திரண்டு பேரில் பதினேழு பெயர்கள்,
கறுப்புச் சதுரங்களில்.
ஒத்ததிர்வுக்கு உங்க வீட்டுல ஓர் உதாரணம்?
ஒன்று. இரண்டு.
ஏழில் யாரோ வெளியேற, பதினாறு பேர்.
பத்தில் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
விழுங்கினேன்.
பதினைந்தில் கை சட்டைப்பைக்குப் போனது;
மார்ச் மாதத்துச் சாக்பீஸ், பாதி.
இருபத்து மூன்றில் ஒரு மைக் திறந்தது.

முதலில் தறி வந்தது.
பிறகுதான் சௌடேஸ்வரி.
"சத்தத்துக்கு மன்னிச்சுக்கங் சார்.
அப்பாவுக்குக் காய்ச்சல், நாந்தான் தறி பாக்கறனுங்.
ஒரு வேகத்துல ஓடறப்ப மட்டும்
அலமாரியில சொம்பு தானா ஆடுதுங்.
வேகம் மாறுனா நின்னுக்குதுங்.
அதுங்களா சார்?"

இரைச்சலை அடைக்கும் பொத்தான் எதுவென்று
நான்காம் நாள் காட்டித் தந்திருந்தார்கள்.
விரல் அதன்மேல்தான் இருந்தது.
"இன்னொருக்கா சொல்லு கண்ணு,
எல்லாரும் கேக்கட்டும்."

பயிற்சியின் கருத்துப் படிவம் அனுப்பப்படாமல் கிடந்தது.
மேம்படுத்த ஆலோசனை ஏதேனும்?
பத்து போதாதுங்க, என்று எழுதினேன்.

சான்றிதழ் வந்தது.
என் பெயரில் துணைக்கால் ஒன்று விட்டுப்போயிருந்தது.